அரைப் பவுன் மோதிரம்

“அம்மா, எனக்கு இந்த மிஷின் மேலயே வெறுப்பு வருது” என்றார் மாசிலாமணி.

சலேத்தம்மா வஞ்சிர மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மாசிலாமணி கையிலிருந்த கோணிப்பையை மணலில் கவிழ்த்தார். அன்று காலை மட்டும் தோண்டியெடுத்தவை அவை. சோடா மூடிகள், மாத்திரை அட்டைகள், சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், ஒரு பவுடர் டப்பாவின் மூடி, துருவேறிய ஆணி, யாருடைய புடவையிலிருந்தோ விழுந்த ஊக்கு.

“மூணு மாசமாச்சு. நூறு தடவை கத்துது, நூறு தடவை குனியறேன். வர்றது பூரா குப்பை. குப்பைக்கு வாயை மூடிக்கிட்டு தங்கத்துக்கு மட்டும் கத்தற மாதிரி இதைப் பழக்க முடியாதா?”

“முடியும் சார். கைப்பிடிக்குக் கீழ ஒரு குமிழ் இருக்கு பாருங்க. வலது பக்கம் திருப்பிட்டீங்கன்னா ஈயத்தாள், ஆணி, மூடி எதுக்கும் அது வாய் திறக்காது.”

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இதை ஏன் மூணு மாசமா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

“நீங்க ஏன் திருப்பறதில்ல?”

சலேத்தம்மா கல்லில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டார்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவர் சலேத்தம்மா. குவைத்திலிருந்து திரும்பிய அண்ணன் அவருக்கு ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு வாங்கினோம் என்று அண்ணனுக்கே தெரியாது.

கடலில் குளித்தால் விரல் சுருங்கும். சுருங்கினால் மோதிரம் கழலும். கோயிலுக்கு வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது வெறும் விரலைத் தடவிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார்கள். சலேத்தம்மா அடுப்பைத் தணித்துவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கிடைத்தால் கொடுத்துவிட்டு வந்து அடுப்பைத் தூண்டுவார். கூலி வாங்கமாட்டார்.

மாசிலாமணி ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவர். நிலம் அளக்கிறவனை யாரும் வாழ்த்தியதில்லை. கல் நட்டால் இந்தப் பக்கத்துக்காரனும் திட்டுவான், அந்தப் பக்கத்துக்காரனும் திட்டுவான். சரியாக அளந்திருந்தால் இருவரும் சேர்ந்து திட்டுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சலேத்தம்மா ஒரு பெண்ணுக்கு மோதிரம் மீட்டுக் கொடுத்ததை அவர் பார்த்தார். அந்தப் பெண் சலேத்தம்மாவின் மீன் வாடையடித்த கைகளைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றாள். தன்னை ஒரே ஒரு ஆளாவது அப்படிப் பார்க்க வேண்டும் என்று மாசிலாமணிக்கு ஆசை வந்துவிட்டது. மறுநாளே வந்து, தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவரிடம், தொழில் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார்.

சலேத்தம்மா ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். சத்தம் கேட்டால் தோண்டுங்கள். தோண்டுவதற்குத் தன் கடையின் பழைய ஜல்லிக்கரண்டியையும் கொடுத்தார். மணல் கீழே வடியும், மற்றது கரண்டியில் நிற்கும்.

இப்போது மாசிலாமணி குமிழைத் திருப்பினார்.

இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது. காதில் ஒரு சத்தமில்லை. கரையில் அங்குமிங்கும் சாமி ஊர்வலம் போல நிதானமாக நடந்தார். ஒரு பித்தளைச் சாவி கிடைத்தது. மூன்று மாதமாகக் குனிந்த முதுகு நிமிர்ந்தது. படித்தவன் தலையிட்டால்தான் எந்த வேலையும் உருப்படும் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் சலேத்தம்மா மீன் எடுக்க நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கடையில் மாசிலாமணி மட்டும் இருந்தார். காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்.

திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். இன்னாசி, மினி லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி பவுலின். பவுலினின் அண்ணன் சூசைராஜ். கல்யாணமாகி எட்டு மாதம். கோயிலில் பாதிரியார் முன்னால் பவுலின் போட்டுவிட்ட மோதிரம் இன்னாசியின் விரலில் இல்லை.

குளித்துவிட்டு வந்து இரண்டு படகுகளுக்கு நடுவே நின்று துண்டை உதறித் தலை துவட்டினானாம். சட்டை போடும்போது பார்த்தால் விரல் வெறுமையாக இருந்ததாம்.

“மோதிரம் எவ்வளவு கனம்?” என்று மாசிலாமணி கேட்டார்.

“அரைப் பவுன் சார். கெட்டி. நான்தான் எடுத்தேன்” என்றான் சூசைராஜ்.

மாசிலாமணி இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி மச்சானை ஒரு முறை பார்த்துவிட்டு, ஆமாம், அரைப் பவுன் என்றான்.

மாசிலாமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. முளைக்குச்சிகளும் நைலான் கயிறும் கொண்டுவந்தார். இரண்டு படகுகளுக்கு நடுவே இருந்த மணலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. ஒரு சாண் இடம் விடவில்லை. இந்த அழகைப் பார்க்கத் தாசில்தார் இல்லையே என்று வருத்தம்கூட வந்தது.

மிஷின் வாயே திறக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால், எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பார். மாசிலாமணி சர்வேயர்.

“இங்க இல்ல” என்றார். “ஒரு குன்றிமணி தங்கம் இருந்தாலும் இது விடாது. வேணும்னா எழுதித் தரேன். மோதிரம் இந்த மணல்ல விழவே இல்ல.”

சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார்.

சூசைராஜ் இன்னாசியின் பக்கம் திரும்பினான். மெதுவாகக் கேட்டான்.

“இங்க இல்லன்னா எங்க மாப்ள? எந்த அடகுக் கடையில வச்சீங்க?”

கயிறு சுருட்டிய கை நின்றது.

அதற்குப் பிறகு வந்த பேச்சிலிருந்துதான் மாசிலாமணிக்கு விஷயம் புரிந்தது. இன்னாசி முன்பு குடித்தவன். குடிக்காக அப்பாவின் கைக்கடிகாரத்தை விற்றான், அம்மாவின் குத்துவிளக்கை விற்றான். ஊருக்கே தெரியும். கல்யாணத்தன்று விட்டவன் இந்த எட்டு மாதமாகத் தொடவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் மாதா கோயிலுக்கே வந்திருக்கிறார்கள்.

சூசைராஜ் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. மூன்று மணிக்கு வேன் கிளம்பும், பவுலின் என்னோடு வரட்டும், நீங்கள் பஸ்ஸில் வாருங்கள் என்றான். மோதிரம் வரும்வரை தங்கச்சி எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றான். தானே பார்த்துத் தன் தங்கையைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளிவிட்டோம் என்று அவன் முகம் சொன்னது.

“நான் விக்கல மச்சான்” என்றான் இன்னாசி. ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அண்ணனின் குடைக்குள் நின்றிருந்த பவுலின் அப்போது வெளியே வந்து வெயிலில் புருஷன் பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மாசிலாமணி மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு வருஷம் செய்ததையே இங்கேயும் வந்து செய்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. நடுவில் ஒரு கல் நட்டாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

பன்னிரண்டரை மணிக்குச் சலேத்தம்மா மீன் கூடையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நடந்ததை எல்லாம் மாசிலாமணி ஒப்பித்தார். கட்டம் கட்டியதை இரண்டு தடவை சொன்னார். குமிழைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருக்கு நினைவிலேயே இல்லை.

சலேத்தம்மா கேட்டுக்கொண்டார். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு இன்னாசியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாசிலாமணியும் கூடவே போனார். சூசைராஜ் தூரத்தில் வேன் டிரைவரோடு நின்றிருந்தான்.

“மோதிரம் கழண்டு விழும்போது விரல்ல தெரியலயா தம்பி?” என்று கேட்டார் சலேத்தம்மா.

“தெரியலம்மா. போட்டிருந்தாலே கையில இருக்கறது தெரியாது. அவ்வளவு லேசு...”

இன்னாசி சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

“அரைப் பவுன்னு சொன்னாங்களே.”

“அரைப் பவுன்தாம்மா” என்றான் அவன். “மச்சான் போட்டது.”

சலேத்தம்மா வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி மாசிலாமணியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மாசிலாமணிக்கு உள்ளங்கால் சுட்டது, அவர் நகரவில்லை.

அரைப் பவுன் என்றால் எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியும். அரைப் பவுன் போலத் தெரிகிற மோதிரம் எப்படி இருக்கும் என்று அதைவிட நன்றாகத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகளின் கல்யாணத்துக்கு ஆசாரி ஒரு யோசனை சொன்னார். வெளியே மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. பார்க்க உருண்டையாக, கெட்டியாக இருக்கும் சார், யாருக்கும் தெரியாது. அந்த மோதிரத்தைத்தான் மாப்பிள்ளை அமலன் இன்றுவரை போட்டிருக்கிறார். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அமலனுக்குத் தெரியாது என்று மாசிலாமணி பதினோரு வருஷமாக நிம்மதியாகத் தூங்கிவருகிறார்.

இன்னாசியைப் பார்த்தார். இவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அரக்கு மோதிரத்தை எந்தக் கடைக்காரன் வாங்குவான் மச்சான் என்று கேட்டிருந்தால் சூசைராஜின் வாய் அங்கேயே அடைபட்டிருக்கும். பெண்டாட்டி போகிறாள், மானம் போகிறது, இவன் அதைக் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பும்போது சலேத்தம்மா தணிந்த குரலில் சொன்னார்.

“தகடு மெலிசா இருந்தா சார், மிஷினுக்குத் தங்கமும் ஈயத்தாளும் ஒரே சத்தம்தான்.”

மாசிலாமணி குமிழை இடது பக்கம் கடைசிவரை திருப்பினார். அந்த இடத்திலேயே மிஷின் நாலு தரம் கத்தியது.

அவர் நேராக மணலுக்குப் போகவில்லை, முதலில் சூசைராஜிடம் போனார். தாலுகா முழுக்க அவரோடு சண்டை போட்டிருக்கிறது. தான் அளந்தது தப்பு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“தம்பி, தப்பு என்னோடது. மிஷின்ல ஒரு குமிழை மாத்தி வச்சிருந்தேன். காலையில நான் தேடினது தேடலே இல்ல. உங்க மாப்பிள்ளை சொன்னதை நான்தான் பொய்யாக்கிட்டேன்.”

எதற்காக மாற்றி வைத்தார், ஏன் அது தப்பானது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மோதிரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

சூசைராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“மூணு மணிக்கு வேன் சார்” என்றான்.

மாசிலாமணி மணலில் முட்டி போட்டார்.

கயிறு கட்ட நேரமில்லை. படகின் நிழல் ஓரத்திலிருந்து தொடங்கினார். கத்தியது, தோண்டினார். சோடா மூடி. கத்தியது, தோண்டினார். சாக்லேட் தாள். ஒரு பொம்மைக் காரின் சக்கரம், மீனவர் வலையின் ஈயக் குண்டு, மறுபடி மூடி, மறுபடி மூடி. காலையில் இந்த மணல் இவ்வளவு பேசியிருக்கிறது, இவர்தான் கேட்காமல் மேலே நடந்திருக்கிறார்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பவுலின் வந்து, அவர் எடுத்துப் போடுகிற குப்பையைக் கோணிப்பையில் போடத் தொடங்கினாள். இன்னாசி கையாலேயே குழி பறித்தான். சலேத்தம்மா கடையிலேயே இருந்தார். மத்தியானக் கூட்டம், இலை இலையாக மீன் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டரைக்கு வேன்காரர் ஹாரன் அடித்தார்.

மிஷின் லேசாகக் கத்தியது. மாசிலாமணி கரண்டியை விட்டு அள்ளினார். மாத்திரை அட்டை. அதைப் பவுலினிடம் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

நகர்ந்தவர் நின்றார். திரும்பி வந்து, தோண்டிய குழிமேலேயே மிஷினை மறுபடி காட்டினார்.

அதே சத்தம், அதே லேசு.

இன்னொரு அட்டையாகத்தான் இருக்கும். மூன்று மாதம் தோண்டிய கைக்கு அது நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் கரண்டியை இன்னும் ஒரு பிடி ஆழமாக விட்டு அள்ளி, உலுக்கினார். மணல் வடிந்தது.

மோதிரம் கரண்டியில் நின்றது.

உருண்டையாக, அழகாக, அரைப் பவுன் போலவே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் யாரோ மிதித்ததில் சின்னதாக விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் அரக்கு சிவப்பாகத் தெரிந்தது.

ஓடி வருகிற காலடி கேட்டது. சூசைராஜ்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் மாசிலாமணி மூன்று மாதம் குனிந்தார். மோதிரத்தை உயர்த்திப் பிடித்து, கிடைத்துவிட்டது என்று கரை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ராத்திரி நினைத்ததுண்டு.

அவர் மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். இன்னாசியின் கையை இழுத்து, விரிசல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி பார்த்து, அவன் விரலில் மாட்டிவிட்டார். மாட்டிய விரலையும் மடக்கிவிட்டார்.

இன்னாசி அவர் முகத்தைப் பார்த்தான்.

சூசைராஜ் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. மோதிரத்தைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான், மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிடுங்க மாப்ள” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். குடையைக்கூட மறந்து எங்கோ போட்டுவிட்டு வந்திருந்தான்.

“விடுங்க மச்சான். காலையில இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. வாங்க” என்றான் இன்னாசி.

சூசைராஜ் மாசிலாமணியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். எங்கள் குடும்பத்தையே காப்பாற்றினீர்கள், உங்களை மறக்க மாட்டோம், ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்வோம் என்று என்னென்னவோ சொன்னான். பவுலின் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக மாசிலாமணிக்கு நன்றி கிடைத்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சரி சரி, வேன் போயிடப்போகுது என்று மட்டும் சொன்னார்.

வேன் போகவில்லை. சலேத்தம்மா வேன்காரருக்கும் சேர்த்து ஐந்து இலை போட்டுவிட்டார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். அண்ணனும் தங்கையும் முன்னால் போய் வேனில் ஏறினார்கள். இன்னாசி கை கழுவுகிற சாக்கில் தொட்டியருகே நின்றான். மாசிலாமணி அவனுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“பாத்துட்டீங்க” என்றான் இன்னாசி.

“பாத்தேன்.”

“மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க சார்.”

“சொல்லமாட்டேன். தம்பி, உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். கோயில்ல, விரல்ல ஏறும்போதே.”

மாசிலாமணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். அமலனின் விரலில் அந்த மோதிரம் ஏறிய நாளை நினைத்தார். அமலன் அப்போது சிரித்தது ஞாபகம் வந்தது. தன் மருமகனிடம் பதினோரு வருஷமாகக் கேட்கத் தைரியம் வராததை இந்த லாரிக்காரனிடம் கேட்டார்.

“ஏமாத்திட்டாங்கன்னு கோவம் வரலயா?”

இன்னாசி கையைத் துடைத்துக்கொண்டான். இந்த மனுஷன் ஏன் இதைக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

“நான் குடிச்சுக்கிட்டுக் கிடந்தப்ப என்னை நம்பிப் பொண்ணு கொடுத்தவர் சார் அவரு. உள்ள அரக்கு வச்சிருக்காருன்னா, வீட்டுல இருந்த தங்கம் பூராவையும் வெளிய வச்சுட்டாருன்னுதானே அர்த்தம்.”